மிதி, பிடி, விடு

கார் நின்ற பிறகும் பெடல் இரண்டு முறை துடித்தது.

வியாழக்கிழமை மதியம், குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு வீடு திரும்பும் வழியில், கால்வாய்ப் பாலத்திலிருந்து இறங்கும் சிக்னலில்தான் மதுமதி அதைக் கவனித்தாள். பிரேக்கை அழுத்தினால் பெடல் நடுங்குவது புதிதில்லை. இந்தப் பழைய காரை வாங்கிய நாளிலிருந்தே, நிறுத்தப்போகும்போதெல்லாம் ஷூவின் அடியில் யாரோ விரலால் தட்டுவதுபோல டக், டக் என்று ஒரு தட்டல் வரும்; வேகம் குறையக் குறையத் தட்டலும் மெதுவாகும்; கார் நின்றால் அதுவும் நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸின் சிவப்பு விளக்கு ஈரமான கண்ணாடியில் அசையாமல் கிடந்தது, வைப்பர்கூட ஓடவில்லை, சக்கரம் நான்கும் ரோட்டில் அப்படியே இருந்தன. அவளுடைய வலது உள்ளங்காலில் மட்டும் மெதுவாக ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

உடனே நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில், பின் சீட்டில் மாட்டியிருந்த கரடி படம் போட்ட சின்ன வட்டக் கண்ணாடி தெரியும். அந்த வட்டத்துக்குள், முதுகு காட்டி மாட்டிய இருக்கையில் படுத்திருக்கும் சேயோனின் முகமும் மார்பும் தெரியும். பார்த்தாள். மார்பு ஏறியது, இறங்கியது. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் பச்சையானதே அவளுக்குத் தெரிந்தது.

சேயோன் முப்பத்தோராவது வாரத்திலேயே பிறந்துவிட்டவன். ஏழு வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். அவ்வளவு சின்னப் பிள்ளைகள் தூக்கத்தில் மூச்சு விட மறந்துவிடுவார்களாம். அலாரம் அடித்து மதுமதிக்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருக்கும்போது, நர்ஸ் அலட்டிக்கொள்ளாமல் வந்து, அவனுடைய உள்ளங்காலில் ஒரு விரலால் லேசாகத் தட்டுவாள். அவனுக்கு ஞாபகம் வந்துவிடும். "நீயும் தட்டிப் பழகு" என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மாதம் மூச்சை எண்ணும் கருவி ஒன்று அவன் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. இனி மறக்க மாட்டான், தேவையில்லை என்று அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். செவ்வாயிலிருந்து மதுமதி தூங்கவில்லை. கருவியின் வேலையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சக்கரம் நின்னப்புறம் பெடல் எப்படி மது துடிக்கும்?" என்றான் கிரிதர். "உன் காலோட பல்ஸா இருக்கும். நீ தூங்கு முதல்ல."

அவளுடைய கணவன் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்துப் பெரிய கம்பெனி ஒன்றில் கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருந்தான். உலகத்தில் எந்தப் பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்துக்கு ஒரு வீடியோவும் உண்டு என்பது அவன் மதம். நடுங்கும் பெடல் பற்றி அன்றிரவே ஆறு வீடியோ பார்த்து முடித்தான். ஒர்க் ஷாப்பில் கேட்டால் டெர்மின், அதாவது வண்டியைக் கொண்டுவர நேரம், மூன்று வாரம் கழித்துத்தான் இருந்தது. திங்கட்கிழமையோ சேயோனை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பனி கொட்டப்போகிறது என்று வேறு சொல்லியிருந்தார்கள். இந்த பிரேக்கை நம்பி அந்தச் சரிவில் பிள்ளையோடு இறங்க மாட்டேன் என்று மதுமதி முடிவாகச் சொல்லிவிட்டாள். அதனால் சனிக்கிழமை பிற்பகல், அதே பிரேக்கை நம்பி, அதே சரிவில், அதே பிள்ளையோடு கார் ரிப்பேருக்குப் போனார்கள்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், லாரிகள் நிற்கும் மைதானத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. மணிக்கணக்கில் இடம் வாடகைக்கு எடுத்து, நம் வண்டியை நாமே பழுது பார்த்துக்கொள்ளலாம். உள்ளே நான்கு லிஃப்டுகள். பழைய டயர் வாடையும், பிரேக் ஆயிலின் மீன் எண்ணெய் போன்ற வாடையும், மூலையில் சுண்டிக் கிடந்த காப்பியின் வாடையும் குளிரோடு கலந்து மூக்கில் ஏறின. எங்கோ சுவர் ஓரத்தில் கம்ப்ரசர் திடீரென்று உறுமி ஓடி, உஷ்ஷென்று பெருமூச்சு விட்டு நிற்கும். விளக்குகள் ஆள் அசைந்தால் மட்டுமே எரிபவை. அவர்கள் மூவரையும் தவிர வேறு யாரும் வந்திருக்கவில்லை.

கொட்டகையைப் பார்த்துக்கொள்பவன் பெயர் அனுஜன். முப்பது வயதுகூட இருக்காது. அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இவன் இங்கேயே பிறந்து, மெக்கானிக் வேலைக்கு இங்கேயே மூன்று வருடம் படித்தவன். கிரிதர் ஆறு வீடியோவின் சாரத்தையும் ஒப்பித்து முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தான்.

"ஸ்டியரிங் நடுங்கேல்லை, அண்ணை. பெடலும் சீட்டும்தான். அப்ப முன்னுக்கு இல்லை, பின்னுக்குத்தான் பிரச்சினை."

சக்கரங்களைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கின் தடிப்பைச் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தான். வலது பக்கப் பின் சக்கரத்தில்தான் இருந்தது வியாதி. அங்கே பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் துருப்பிடித்து இறுகி, பேட் எந்நேரமும் உரசிக்கொண்டே இருந்து, டிஸ்க் சூடேறி, ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் தேய்ந்தும் போயிருந்தது. "தடிச்ச இடம் வரேக்க ஒவ்வொரு முறையும் பெடலைத் தள்ளும். அதுதான் உந்தத் தட்டல்" என்றான். கிரிதர் மனைவியைப் பார்த்து, சொன்னேனா இல்லையா என்பதுபோலத் தலையாட்டினான். மதுமதிக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. வலது பின் சக்கரத்துக்கு நேர் மேலேதான் சேயோனின் இருக்கை என்பது மட்டும் மனதில் ஒரு ஓரமாக உறுத்தியது.

அவள்தான் வாயை அடக்காமல் கேட்டாள். "நின்ன பிறகும் தட்டுதுங்க, அனுஜன். ரெண்டு தடவை."

அவன் சிரிக்கவில்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, இன்ஜின் அணைந்திருக்க, சக்கரங்கள் கழன்று கிடக்க, பெடலை அழுத்திப் பிடித்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு காலை எடுத்து, தன் ஷூவின் அடியைத் திருப்பிப் பார்த்தான்.

"எப்ப தொடக்கம் இப்பிடி, அக்கா?"

"வியாழக்கிழமை, குழந்தையோட மூச்சை எண்ற மெஷினைத் திருப்பிக் கொடுத்த ரெண்டாம் நாள். அன்னிக்குத்தான் முதல்ல."

அவன் எழுந்து போய் வேலையைப் பார்த்தான்.

அவனும் கிரிதரும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் புது டிஸ்க், புது பேட், புதுக் காலிப்பர் எல்லாம் மாட்டினார்கள். பாக்கி ஒரே வேலைதான்: குழாயைக் கழற்றி மாட்டியதில் உள்ளே புகுந்த ஏர் எடுக்க வேண்டும். அதற்குள் மணி நாலாகிவிட்டது. அனுஜனுக்குத் தங்கை மகளின் பிறந்தநாள். ஹாலில் பலூன் கட்டப் போக வேண்டும் என்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டான். ஹீட்டர் இருந்த ஆபீஸ் அறையை அவன் பூட்டியே ஆக வேண்டும், முதலாளியின் கட்டளை. அங்கே பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த சேயோனை அதனால் மறுபடி காருக்கே கொண்டுபோய், அவன் இருக்கையில் கட்டி, இரண்டு கம்பளி போர்த்தினாள் மதுமதி.

"அண்ணை, லிஃப்ட்டில ஆக்கள் இருக்கேக்க ஏத்தக் கூடாது. போர்டு பாத்தனீங்கள்தானே?" என்றான் அனுஜன். "வேலை தொடங்கேக்க பிள்ளையை வெளியில எடுத்திடுங்கோ. முழங்கால் உயரத்தில வச்சு, அக்கா வெளியில நிண்டு கையால பெடலை அமத்தட்டும். நீங்கள் 'பிடி' எண்டா, அக்கா 'பிடிச்சிட்டன்' எண்டு பதில் சொல்ல வேணும். பதில் வராமல், காத்து வெளியேத்திற அந்தச் சின்ன நிப்பிளைத் திறக்காதேங்கோ. நிப்பிள் திறந்து கிடக்கேக்க பெடலை விட ஏலாது. விட்டா, அந்த வாயில என்ன நிக்குதோ அதை உள்ளுக்கு இழுத்துப்போடும்."

"ஏர்தானே?"

"ஓம்." அனுஜன் கிரிதரைப் பார்க்காமல் காரைப் பார்த்தான். "காத்துதான். வேற என்ன."

சாவியைக் கடைசியில் தபால் பெட்டியில் போடச் சொல்லிவிட்டுப் போனான். அவன் வண்டிச் சத்தம் மைதானத்தைத் தாண்டி ரோட்டில் கரைந்தது.

கையால் அமுக்கிப் பார்த்தாள் மதுமதி. மூன்றரை மாதமாகியும் முழுதாக ஆறாத பிரசவ ஆபரேஷன் தையல் சுரீர் என்று இழுத்தது. பெடல் பாதிகூட இறங்கவில்லை. வெளியே குளிர் மைனஸ் ஏழு, தூங்குகிற பிள்ளையை எடுத்து வைக்க ஒரு நாற்காலிகூட வெளியில் இல்லை.

"உள்ளயே உட்கார்ந்துக்கோ மது. பத்து நிமிஷம். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

நம் ஊரில் இந்த ஒரு வார்த்தையால் ஆகாத காரியம் கிடையாது. அவளும் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். குனிந்து குனிந்து முதுகு போச்சு என்று கீழேயிருந்து ஒரு முனகல், உடனே மோட்டாரின் ஊளை. அவள் வேண்டாம் என்பதற்குள் கார் மேலே ஏறிவிட்டது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், ஆள் உயரம். "கிரி!" என்று கத்திக் கதவைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த இரும்புத் தூணில் கதவு மோதி நின்றது. ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. கீழே சிமெண்டுத் தரை எங்கோ கிடந்தது.

"ஒண்ணுமில்லப்பா, பத்திரமாத்தான் இருக்கு. ரெடியா? மிதி!"

"மிதிச்சாச்சு."

"பிடி!"

"பிடிச்சிருக்கேன்."

காலுக்கடியில் பெடல் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மெத்தென்று இறங்கியது. கீழே ஆயில் குழாய் வழியாக ஊறுகாய் பாட்டிலுக்குள் குமிழ் விடும் சத்தம். ஸ்பேனர் திரும்பியது. "விடு!"

"விட்டாச்சு."

பழகிவிட்டது. மிதி, பிடி, விடு. அங்கிருந்து கிரிதர் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி வழியே தகரக் கூரையும் ஒரு வரிசை டியூப் லைட்டும்தான். அவன் வெறும் குரலாகிவிட்டான். நடுவில் ஒருமுறை விளக்கு எல்லாம் பட்டென்று அணைந்தன. அவன் ஒரே இடத்தில் நின்று வேலை செய்ததால் ஆள் இல்லை என்று விளக்கு நினைத்துவிட்டதாம். கையை வீசினான், எரிந்தன. "பாரு, இந்த ஊர்ல நான் ஒரு ஆளே இல்லை" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். கண்ணாடியில் சேயோனைப் பார்த்தாள். மார்பு ஏறியது, இறங்கியது.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"பிடி!"

"பிடிச்சிருக்கேன்."

பெடல் இறங்கியது. அடிவரை இறங்கித் தரையைத் தொட்டது. அவள் "விடு"வுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை. குமிழ்ச் சத்தமும் நின்றுவிட்டது. கம்ப்ரசர் ஒருமுறை உறுமி, உஷ்ஷென்று மூச்சு விட்டு ஓய்ந்தது. கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. நிப்பிள் திறந்திருக்கிறது, காலை எடுக்கக் கூடாது. கிரி ஏதாவது நட்டைத் தேடிக்கொண்டிருப்பான். இருபது வரை எண்ணினாள்.

"கிரி?"

விளக்குகள் அணைந்தன.

சாயங்காலத்தின் சாம்பல் வெளிச்சம் மேல் ஜன்னல்களில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கார் உள்ளே இருட்டு. இப்போது கையை வீசுவான், எரியும் என்று காத்திருந்தாள். எரியவில்லை.

"கிரி, விளக்கு. கையை ஆட்டு."

"பிடி" என்றது கீழேயிருந்து. கிரிதரின் குரல்தான். வலது பின் சக்கரத்துப் பக்கம்.

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். கால் வலிக்குது. விடவா?"

"பிடி."

விளக்கு ஏன் எரியவில்லை? பேசுகிறவன் ஒரு விரலாவது அசைய மாட்டானா? அப்படிச் சிலை மாதிரி நின்றுகொண்டா ஸ்பேனர் பிடிக்கிறான்? வாடை மாறியிருந்தது. பிரேக் ஆயில் வாடை போய், வேறு ஏதோ ஒன்று. அவளுக்குத் தெரிந்த வாடை. கண்ணாடிப் பெட்டி இருந்த அந்த அறையின் வாடை. இரவில் பக்கத்துப் பெட்டி ஒன்று காலியாகி, துடைத்து வைக்கப்பட்டிருக்கும்போது வரும் வாடை.

"பிடி" என்றது இன்னும் மெதுவாக. இப்போது சக்கரத்தடியில் இல்லை. அதற்கும் மேலே. சீட்டுக்கு நேர் கீழே.

உள்ளங்காலில் ஒரு தட்டல்.

சக்கரம் இல்லை. டிஸ்க் புதிது. இன்ஜின் ஓடவில்லை. பெடல் தரையோடு கிடக்கிறது, அதற்கு மேல் இறங்க இடமில்லை. தட்டுகிறது. விரலால். லேசாக.

கொட்டகையின் அந்தக் கோடியில் கதவு கிரீச்சிட்டது. வரிசையாக விளக்குகள் எரிந்தன. காலில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு, கையில் புது ஆயில் டப்பாவோடு, வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தான் கிரிதர்.

மதுமதியின் கால் தானாக மேலே வந்துவிட்டது.

பெடல் கூடவே எழும்பியது. எங்கோ அடியில், தாகம் எடுத்தவன் தண்ணீர் குடிப்பதுபோல ஒரு நீளமான உறிஞ்சல். குழாய் வழியாக அது ஏறி வருவது காரின் தரையில் தெரிந்தது. பின்னாலிருந்து முன்னால். சீட்டுக்கு அடியில். பிறகு ஒன்றுமில்லை.

"என்னாச்சு, ஏன் கத்துற?" கிரிதர் ஓடிவந்தான்.

கத்தியது அவளுக்கே தெரியாது. "எங்க போன? நிப்பிளைத் திறந்து வச்சுட்டு எங்க போன?"

"டைட் பண்ணிட்டுத்தானே போனேன்? 'விடு, ஆயில் தீர்ந்துடுச்சு, டிக்கில இருந்து எடுத்து வெளிய வச்சிருக்கேன், கொண்டு வரேன்'னு சொன்னேன். நீகூடச் சரின்னு சொன்னியே."

"நான் சொல்லலை."

"சொன்னே மது. 'விட்டாச்சு, போயிட்டு வா'ன்னு சொன்னே." அவன் குனிந்து ஸ்பேனரை வைத்துப் பார்த்தான். "இதோ, டைட்டாத்தான் இருக்கு. நீ தூங்கி நாலு நாள் ஆச்சு, அதான்."

அவள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரடி வட்டத்துக்குள் சேயோனின் மார்பு அசையவில்லை.

ஐந்து வரை எண்ணினாள். ஆறு. ஏழு. எட்டிப் பார்க்கத் திரும்பியபோது கால் வழுக்கி பெடலில் அழுந்தியது.

மார்பு ஏறியது.

காலை எடுத்தாள். இறங்கியது. அப்படியே நின்றது. மிதித்தாள். ஏறியது. விட்டாள். இறங்கியது. இருக்காது. இருக்கவே கூடாது. காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். பத்து. பன்னிரண்டு. சேயோனின் உதட்டோரம் நாவல்பழ நிறம் ஏறத் தொடங்கியது. அந்த நிறம் அவளுக்குத் தெரியும். மிதித்தாள்.

"கிரி, கீழ இறக்கு. அவனைப் பாரு. கிரி!"

கார் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. சக்கரம் இல்லாமல் அதற்குக் கீழே இறக்க முடியாது. கிரிதர் வலது பின் கதவைத் திறந்து உள்ளே தலையை நுழைத்தான். "நல்லாத்தானே மூச்சு விடறான்" என்றான்.

"நான் விட வைக்கிறேன். இப்போ பாரு." சொல்லிவிட்டுக் காலை எடுத்தாள். வாழ்க்கையில் அவள் செய்த மிகப் பெரிய பாவம் அந்தப் பத்து நொடிதான்.

அவன் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போவதை அவள் கண்ணாடியில் பார்த்தாள். உள்ளங்காலில் தட்டினான். மறுபடி தட்டினான். கிள்ளினான். வாயில் வாய் வைத்து ஊதினான். மார்பு கல்லாக இருந்தது. அவள் மிதித்தாள், ஏறியது. இருக்கையை வார்களோடு கழற்றி ஒரு சாண் வெளியே தூக்கினான். மிதித்தாள், ஏறவில்லை. "வை! வை! உள்ள வை!" உள்ளே வைத்ததும் ஏறியது.

"ஆம்புலன்ஸ்" என்றான். போனை எடுத்துப் பார்த்தான். "தகரம், உள்ள சிக்னல் இல்லை. வெளிய போய் கூப்பிடறேன். நீ..."

"போ."

"நிறுத்தாதே மது."

"போ!"

ஓடினான். கதவு சாத்திக்கொண்டது. மதுமதி மிதித்தாள். பிடித்தாள். விட்டாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்த கணக்கு நினைவில் இருந்தது, நிமிடத்துக்கு நாற்பது. கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. தையல் கிழிந்து சூடாக ஏதோ இறங்கியது. பரவாயில்லை. ஆம்புலன்ஸ் வரும். பத்து நிமிஷம். ஒரு மணி நேரம் என்றாலும் மிதிப்பாள். ராத்திரி முழுக்க மிதிப்பாள். ஏழு வாரம் பெட்டி செய்த வேலை, இரண்டு மாதம் கருவி செய்த வேலை, அவளால் முடியும். உதட்டில் நிறம் திரும்பிவிட்டது. "அம்மா இருக்கேன்டா" என்றாள். "அம்மா விட மாட்டேன்."

பட்டென்று விளக்குகள் அணைந்தன.

ஒரு காலும் ஒரு சின்ன மார்பும் அசைவதை விளக்கு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மேல் ஜன்னலில் இப்போது வெளிச்சம் இல்லை. ஒரு கையைத் தூக்கி வீசினாள். காருக்குள் இருக்கும் கை அதற்குத் தெரியவில்லை. கண்ணாடி தெரியவில்லை. வட்டம் தெரியவில்லை. மார்பு தெரியவில்லை.

மிதித்தாள். விட்டாள். மிதித்தாள்.

"மிதி" என்றது கீழே.

பதில் சொல்லாதே. பதில் சொல்லாதே.

மிதித்தாள்.

"பிடி."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிடித்தாள். முழு பலத்தோடு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பற்றி, சீட்டில் முதுகை ஊன்றி. உள்ளங்காலில் தட்டல். ஒன்று. இன்னொன்று. பொறுமையாக.

"விடு."

"மாட்டேன்" என்று அவள் மனதுக்குள் சொன்னாள். வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்திருந்தாள்.

பின் சீட்டிலிருந்து, அவளுடைய குரலே, தெளிவாகப் பதில் சொன்னது.

"விட்டாச்சு."

அவள் காலை எடுக்கவில்லை. அவளுடைய முழு பாரமும் அதன் மேல்தான் இருந்தது. அந்த இருட்டில், அவள் காலையும் தூக்கிக்கொண்டு, பெடல் மெதுவாக மேலே வரத் தொடங்கியது.